மிளகு விரதம்

என் வீட்டுக்காரரிடம் வாக்குவாதம் செய்து ஜெயித்தவர்கள் தி. நகரில் ஒருவரும் கிடையாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார். நாலாவது காலைக் காட்டினால் அது வால் என்பார். பெயர் சண்முகவேல். ரங்கநாதன் தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்துக்குள் எங்களுக்கு மேட்சிங் சென்டர் இருக்கிறது. சேலையைக் கொண்டு வந்தால் அதற்கு ஒத்த நிறத்தில் பிளவுஸ் துணியும் லைனிங்கும் எடுத்துக் கொடுக்கிற கடை. தரையிலிருந்து கூரைவரை துணிதான். நான் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன், அவர் ஏணியில் இருப்பார். கோவில்பட்டியிலிருந்து கல்யாணமான புதிதில் வந்து அந்த ஏணியில் ஏறினவர், அறுபது தாண்டியும் இறங்கவில்லை. முழங்கால் தேயாமல் வேறு எது தேயும்?

முழங்காலுக்காகப் போன வருஷம் ஒரு டாக்டரைப் பார்த்தோம். அவர் இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு, வயிற்றுக்கான மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால். ஒரு வாரத்துக்குத்தான் எழுதினார், வலி நிற்காவிட்டால் திரும்ப வரச் சொன்னார். யார் போனது? காலி அட்டையை நீட்டினால் மெடிக்கலில் புது அட்டை கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் டாக்டர் எதற்கு என்பது அவருடைய கட்சி. வலி மாத்திரை அவர் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டது. வயிற்று மாத்திரையையும் ஒப்புக்கு வாங்கி வைத்திருந்தார்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என்னுடையது. இந்த ஆடியில் குளிக்கும்போது என் இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. குடும்ப டாக்டர் பார்த்துவிட்டு, "எதுக்கும் அடையாறு போய்ப் பாத்துடுங்க" என்றார். சென்னையில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல் போதும். அடையாறு என்றால் சிலருக்குக் கடற்கரை, சிலருக்கு ஆலமரம். நோயாளி வீட்டில் அப்படிச் சொன்னால் ஒரே ஓர் அர்த்தம்தான், புற்றுநோய் ஆஸ்பத்திரி. அன்றைக்கு ஆட்டோவில் கோட்டூர்புரம் பாலம் தாண்டும்வரை அவர் என் கையை விடவேயில்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் ஊர் பார்க்கப் பெண்டாட்டி கையைப் பிடிக்க மாட்டார்கள். எனக்கு நோயைவிட அதுதான் பயமாக இருந்தது.

அங்கே ஊசி போட்டுச் சதைத் துண்டு எடுத்தார்கள். ரிசல்ட் வருகிறவரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை, ஏணியில் நின்றபடியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். கட்டி சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்தது. வெளியே வந்ததும் அவர் முதலில் சொன்னது, "நேந்திருக்கேன் பிள்ள. இந்த வருஷம் சஷ்டிக்கு மிளகு விரதம்."

சஷ்டி விரதம் அவர் வருஷா வருஷம் இருப்பதுதான். தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் வடபழனி கோயிலில் காப்பு கட்டிக்கொண்டு, ஆறு நாளும் ராத்திரி பாலும் பழமும் சாப்பிடுவார். ஆறாம் நாள் சாயங்காலம் சூரசம்ஹாரம் பார்ப்பார், மறுநாள் முருகன் கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். மிளகு விரதம் அதற்கும் மேலே. முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு, இப்படியே ஆறாம் நாள் ஆறு. அதை மென்று தண்ணீர் குடித்தால் அன்றைய சாப்பாடு முடிந்தது. நம்மால் முடிகிற காரியமா இது? எனக்குக் காலையில் காபி அரைமணி நேரம் தள்ளிப்போனால் தலை வெடிக்கும். சாமியை ஒருநாளும் பழித்ததில்லை, பட்டினி மட்டும் எனக்கு ஆகாது.

"உடம்பு தாங்குமா உங்களுக்கு? பாலும் பழமும் போதும்னு முருகன்கிட்ட சொல்லுங்க. வேண்டாம்னா சொல்லப் போறாரு?" என்றேன்.

"அவரு நமக்குக் கொடுத்தது கொஞ்சமா?" என்றார்.  என் உயிருக்காக ஒருத்தர் பட்டினி கிடக்கிறேன் என்கிறார். திட்டவும் முடியாது, தலையாட்டவும் முடியாது.

தீபாவளி வியாபாரத்தைப் பற்றி தி. நகர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டம் நேராக நம் கடைக்குள் வந்து விழுவது போலிருக்கும். வேலைக்கு வந்த இரண்டு பெண்களுக்கும் சேலை ஓரத்தில் தைக்கிற ஃபால்ஸ் எடுத்துக் கொடுக்கவே சரியாக இருந்தது. இவர் ஏணியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். மதியச் சாப்பாடு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்தது. நேரத்துக்கு ஒரு வலி மாத்திரை என்று இருந்தது, வலிக்கும்போதெல்லாம் ஒரு மாத்திரை என்று ஆனது. வெறும் வயிற்றில் டீயைக் குடித்துவிட்டு அதைப் போட்டுக்கொள்வார்.

அந்தக் களைப்பு தீருவதற்குள் காப்பு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மஞ்சள் கயிறு வலது மணிக்கட்டில். இரண்டாம் நாள் காலையில் பார்க்கிறேன், இரண்டு மிளகுக்கு முன்னாலேயே வலி மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குகிறார்.

"விரதத்துல மாத்திரை போடலாமா?"

"மாத்திரை என்ன சோறா? வலிக்கு விரதம் தெரியுமா?"

"அப்ப அந்த வயித்து மாத்திரையையும் போடுங்க."

அட்டையை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். "என்ன எழுதியிருக்கு? சாப்பாட்டுக்கு முன். நான்தான் சாப்பிடவே இல்லையே, பிறகு முன்னாவது பின்னாவது." பெரிய வக்கீல் மாதிரி கேட்டுவிட்டு அந்த அட்டையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அப்படிப் பார்த்தால் வலி மாத்திரை மட்டும் சாப்பாட்டுக்குப் பின் என்றுதானே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். தீபாவளியன்று சாப்பிட்டதற்குப் பின்தான் என்றார். இந்த ஆளோடு பேசினால் நமக்குத்தான் வயிறு எரியும்.

ஐந்தாம் நாள் காலையில் அவருக்குப் பிறகு நான் கக்கூஸுக்குப் போனேன். முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிற புருஷன் பெண்டாட்டிக்குள் இதையெல்லாம் சொல்ல வெட்கம் என்ன? தண்ணீர் ஊற்றியும் சரியாகப் போகாமல் கிடந்தது. தார் மாதிரிக் கருப்பு, பிசுபிசுவென்று இருந்தது. நாற்றம் வழக்கமான நாற்றம் இல்லை. வெளியே வந்து அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"இப்படி எத்தன நாளா போகுது உங்களுக்கு?"

"முந்தாநாள்ல இருந்து. அதுக்கென்ன, மிளகு கருப்புதான?"

நான் அவரையே பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பிச் சொன்னார்.

"நாலு மிளகுக்கு இம்புட்டுக் கருப்பா? ரசத்துல அள்ளிப் போடுதேனே, அப்பல்லாம் போகலையே."

"அது சோத்தோட சேர்ந்து போகும். இது தனி மிளகு."

எங்கள் ஒரே மகள் அனுப்ரியா வேளச்சேரியில் இருக்கிறாள், ஐ.டி. கம்பெனியில் வேலை. அவளுக்குப் போன் போட்டேன். அவள் கேட்ட மாத்திரத்தில், "அம்மா, கருப்பா போறது ரத்தமா இருக்கலாம். இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள். போனை வாங்கி அவளையும் சமாளித்தார். "நாளைக்குச் சம்ஹாரம் முடியட்டும்மா. மறுநாள் கல்யாணம் பாத்துட்டு அப்பா நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்." மகள் அழுதும் பார்த்தாள். நான் கத்தியும் பார்த்தேன். குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

"சுவரு இருந்தாத்தான் சித்திரம் எழுத முடியும்" என்று பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனேன்.

படியில் நின்று திரும்பினார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எனக்குப் பயமா இருக்கு பிள்ள. பாதியில விட்டு, அந்தக் கட்டி உனக்கு வேற மாதிரி வந்துட்டா நான் என்ன செய்வேன்?"

 பிடிவாதம் என்று நினைத்து நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தது பயம். பயத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

ஆறாம் நாள் கடை திறந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும். மயிலாப்பூரிலிருந்து ஒரு அம்மா மாம்பழக் கலர் பட்டுச் சேலை கொண்டு வந்திருந்தார். அந்த நிறம் எப்போதும் மேல்தட்டில்தான் இருக்கும். வேலைக்கு இருந்த பெண்ணை ஏறச் சொன்னேன். அவளுக்கு மாம்பழத்துக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது என்று இவரே ஏறினார். ரோலை எடுத்துக் கீழே கொடுத்தவர், ஏணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முகத்தில் ரத்தமில்லை. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. அந்தப் பெண்ணும் நானுமாகத் தாங்கி இறக்கினோம். கை ஐஸாக இருந்தது. ஸ்டூலில் உட்கார வைத்தோம். வாளியை எடு என்று சைகை காட்டினார்.

வாந்தி எடுத்தார். காபித் தூளைத் தண்ணீரில் கரைத்தது போல வந்தது. ஆறு நாளாகக் காபியே குடிக்காத மனிதரின் வாயிலிருந்து.

"ஐயோ, இது ரத்தம் மாமி" என்று பக்கத்தில் நின்ற பெண்மணியிடம் சொன்னார் மயிலாப்பூர் அம்மா. நான் முந்தானையால் இவர் வாயைத் துடைத்தேன். "எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"சாயங்காலம் சம்ஹாரம்..." என்றார்.  "இன்னும் கொஞ்ச நேரம்தான, தங்கம். ஆஸ்பத்திரின்னா எதையாவது குடிக்கச் சொல்லுவான். விரதம் போயிரும்."

எனக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்தது என்று தெரியாது. சாத்திரத்தில் இருக்கிறதா என்றும் தெரியாது. அவருடைய வலது கையை என் மடிமேல் இழுத்து வைத்துக் காப்பை அவிழ்க்க ஆரம்பித்தேன். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். அவர் கையை இழுக்கப் பார்த்தார், இழுக்கப் பலமில்லை.

"என்ன செய்யுத நீ?"

"உங்க விரதம் போகல. கை மாறுது. மிச்சத்த நான் இருக்கேன்." என் மணிக்கட்டில் அதைச் சுற்றி, கடைப் பெண்ணிடம் முடிச்சுப் போடச் சொன்னேன். "வயக்காட்டுல ஒருத்தரு விட்ட வேலைய இன்னொருத்தரு முடிக்கிறதில்லையா? முருகனுக்கு வேணுங்கிறது ஆறு நாளு. அதுல மீதிய உங்க பெஞ்சாதி இருக்கா. வேத்து ஆளா நான்?"

"உனக்குப் பசி தாங்காதே" என்றார்.

"உங்களுக்கு ரத்தம் போறத விடவா?"

 பிறகு சட்டைப் பைக்குள் விரலை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். அன்றைக்கு உண்டான ஆறு மிளகு. "பொழுது சாஞ்ச பெறகு சாப்பிடணும். மென்னு திங்கணும், முழுங்கிறாத" என்றார். அப்படியே என் தோளில் சாய்ந்துவிட்டார்.

சந்துக்குள் ஆட்டோ வராது. துணி கொண்டுவரும் தள்ளுவண்டியில் அவரை உட்கார வைத்து ரோடுவரை கொண்டுபோனோம். தீபாவளி முடிந்தும் கூட்டம் குறையவில்லை. ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா ஆச்சு பெர்சுக்கு? ரத்தமா கீது? குந்து, குந்து. சிக்னல்லாம் நான் பாத்துக்குறேன்." சொன்னபடியே பார்த்துக்கொண்டார். நான் வழியெல்லாம் அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். தூங்காதீங்க, தூங்காதீங்க என்று என்னென்னவோ பேசினேன். மாம்பழக் கலர் ஒரு மீட்டர் போதுமா என்று கேட்டபோது மட்டும், முழுக் கை வைத்த பிளவுஸ் என்றால் போதாது என்று முனகினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நாஸியா என்று சின்ன வயதுப் பெண். வயிற்று டாக்டர். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாடி பார்த்தார். நர்ஸிடம் ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வலி மாத்திரை ஏதாவது சாப்பிடறாராம்மா?"

சட்டைப் பையிலிருந்த அட்டையைக் கொடுத்தேன். எவ்வளவு நாளாக என்று கேட்டார். சொன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டார். அதுவும் சொன்னேன். டாக்டர் முகத்தில் கோபம் இல்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"எண்டோஸ்கோப்பி பண்ணணும். வாய் வழியா டியூப் விட்டு ரத்தம் எங்க கசியுதுன்னு பாத்து, அங்கயே அடைக்கப் பாக்கறோம். கடைசியா எப்ப சாப்பிட்டாரு?"

"தீபாவளி அன்னைக்கு" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். விரதத்தைச் சொன்னேன். சிரிக்கவுமில்லை, தலையில் அடித்துக்கொள்ளவுமில்லை. "நாங்களும் நோன்பு வைக்கிறவங்கதாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கதவு சாத்துவதற்கு முன்னால் இவர் கண்ணால் என்னைத் தேடினார். கிட்டே போனேன். "பயமா இருக்கா?" என்று அவர்தான் என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் இல்லாத கடையை, அவர் இல்லாத வீட்டை, வாக்குவாதம் செய்ய ஆளில்லாத ஒரு காலைப் பொழுதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு அது வேண்டாம். அந்தக் கட்டி வந்தபோதுகூட நான் இப்படி நடுங்கவில்லை. நான் போயிருந்தால் போகிறவள் நான், அவ்வளவுதான். இது அப்படியில்லையே.

அனுப்ரியா ஓடி வந்தாள். ஒரு கையில் பை, ஒரு கையில் காபி பிளாஸ்க். அப்பா நிலைமையைக் கேட்டு அழுது முடித்துவிட்டு, எனக்கு டம்ளரில் காபி ஊற்றினாள். அந்த மணம் வந்ததும் என் மண்டைக்குள் ஆணி அடித்தது. காலையில் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் பாதி டம்ளர்தான் குடித்திருந்தேன். வேண்டாம் என்றேன். காப்பைப் பார்த்தாள்.

"அம்மா, உனக்கும் பைத்தியமா? அப்பா இப்படிக் கெடக்கறதே இதாலதான."

"உங்கப்பா இங்க வந்து படுத்ததும் இதாலதான்டி" என்றேன். அவளுக்கு முழுவதும் புரிந்ததா தெரியவில்லை. பிளாஸ்கை மூடிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையை அழுத்திப் பிடித்துவிட்டாள்.

வெகுநேரம் கழித்து டாக்டர் நாஸியா வெளியே வந்தார். எழுந்திருக்கப் போனேன், வேண்டாம் என்று கை காட்டினார். அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இரைப்பையில ஒரு பெரிய புண்ணு. அதுல ஒரு ரத்தக் குழாய் திறந்திருந்தது. கிளிப் போட்டு அடைச்சாச்சு. ரத்தம் நின்னுடுச்சு. இன்னைக்கு ராத்திரி முழுக்கக் கவனிக்கணும். திரும்பக் கசியலைன்னா தப்பிச்சோம்." கொஞ்சம் நிறுத்தி, "சின்னதா ஒரு சதைத் துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன்" என்றார்.

துண்டு என்றதும் நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். ஆடி மாதம் என் ரிசல்ட் வருகிறவரை இவர் எப்படி இருந்திருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"பயப்படாதீங்க. வயித்துல ஒரு கிருமி இருந்தாலும் இந்த மாதிரி புண்ணு வரும், அதுக்குத்தான் முக்கியமா டெஸ்டு. ஆனா எனக்குத் தெரிஞ்சு இது மாத்திரை பண்ண வேலை. உடம்புல வலியத் தூண்டுற ஒரு சரக்கு இருக்கு. அதை இந்த மாத்திரை அடக்கிடும். அதே சரக்குதான் இரைப்பைக்கு உள்ள பூச்சு மாதிரி இருந்து காப்பாத்தறதுக்கும் வேணும். அதுவும் போயிடும். அப்புறம் ஆசிட் நேரா சதை மேலதான். வயசானவங்களுக்கு இன்னும் சீக்கிரம். இதுல வயிறு வேற காலி."

"வயிறு வலிக்குதுன்னு அவரு ஒரு நாளும் சொல்லலையே, டாக்டர்."

"வலி மாத்திரை போட்டுக்கிட்டா, வயித்து வலி மட்டும் எப்படிம்மா தெரியும்?"

இதோடு வயிற்றுக்கும் ஒரு மாத்திரை எழுதியிருப்பார்களே, அது என்ன ஆனது என்று கேட்டார். சாப்பாட்டுக்கு முன் என்று எழுதியிருந்த கதையைச் சொன்னேன். இந்த முறை டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். "இனிமே நான் எழுதும்போது யோசிக்கணும்" என்றார்.

அன்றைக்கு அவருக்கு வாய் வழியாக ஒன்றும் தரக்கூடாது, சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று கட்டிலில் எழுதி மாட்டினார்கள். பொழுது சாய்ந்தது. வடபழனியில் சம்ஹாரம் நடந்திருக்கும். நான் வராந்தா ஜன்னல் ஓரம் நின்று, பொட்டலத்தைப் பிரித்து ஆறு மிளகையும் வாயில் போட்டு மென்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. காரத்தினால்தான் என்று அனுப்ரியாவிடம் சொன்னேன். முருகா, நான் உன்னிடம் கேட்டுப் பழக்கமில்லாதவள், அந்த மனுசனை என்னிடம் திருப்பிக் கொடு என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ரத்தக் கசிவு இல்லை, நாடி நன்றாக இருக்கிறது என்றார். ஆறின கஞ்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்றார். முழங்காலுக்கு இனி அந்த வகை மாத்திரை கூடவே கூடாது. வேறு மாத்திரை, பூசுகிற மருந்து, பயிற்சி எல்லாம் இருக்கிறது, எதுவானாலும் கேட்டுத்தான் போட வேண்டும். ஏணிக்கும் ஓய்வு கொடுங்கள் என்றார். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். அதற்கு அர்த்தம் சரி என்பது அல்ல, நீங்கள் சொல்லி முடித்துவிட்டுப் போங்கள் என்பது.

அனுப்ரியா போனில் கோயில் கல்யாணத்தை நேரலையில் வைத்துக் கட்டிலின் மேல் சாய்த்துவிட்டு மருந்து வாங்கப் போனாள். தாலி கட்டுகிறபோது இவர் கையைக் கூப்பினார்.  நான் கஞ்சியை ஸ்பூனால் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"நீ நேத்து சாப்பிடவே இல்லையா?"

"ஆறு மிளகு சாப்பிட்டேன்."

"காபி?"

"காலையில குடிச்ச பாதி டம்ளரோட சரி."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. "பாவி மக" என்றார். என் கையைத் தடவிக் காப்பைத் தொட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார்.  இப்படியே இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். மனுசன் வாயைத் திறந்தார்.

"இருந்தாலும் நான் நேந்தது நான்தான இருக்கணும். இது கொறதான். அடுத்த வருஷம் ஆறு நாளும் தண்ணியோட மட்டும் இருந்து ஈடு கட்டிருவேன். முட்டிக்கு அதுக்குள்ள ஏதாவது மாத்திரை..."

ஸ்பூனை டம்ளருக்குள் போட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அது கணீரென்று விழ, பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்துக்கொண்டார். ஆனால் நான் கத்தவில்லை. போனில் முருகன் மாலையும் கழுத்துமாக வள்ளி தெய்வானையோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நேரே காப்புக் கட்டின கையை நீட்டினேன்.

"முருகா, கேட்டுக்கோ. இந்த மனுசன் இனிமே ஒரு வேளை பட்டினி கெடந்தாலும் சரி, டாக்டரக் கேக்காம ஒரு வலி மாத்திரைய வாயில போட்டாலும் சரி, அந்தக் கட்டி எனக்கே திரும்பி வரட்டும். இது நான் உனக்கு நேந்துக்கிட்டது."

"ஏ பிள்ள," அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். முகம் முந்தின நாள் ஏணியில் வெளுத்தது போல வெளுத்துவிட்டது. "வாயக் கழுவு. என்ன பேச்சு பேசுத? திருப்பிச் சொல்லு, இல்லன்னு சொல்லு."

"சொன்னது சொன்னதுதான்."

"என்னைக் கேக்காம எம்மேல எப்படி நேரலாம் நீ?"

"நீங்க என்னைக் கேட்டா எனக்காக நேந்திய?"

அவருக்குப் பதில் இல்லை. முப்பது வருஷத்தில் முதல் முறை. போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த உலகத்தில் அவர் எதை வேண்டுமானாலும் மீறுவார், டாக்டரை மீறுவார், மகளை மீறுவார், தன் உடம்பையே மீறுவார். என்மேல் வைத்த ஆணையை மீற மாட்டார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

  மெதுவாகத் தலையணையில் சாய்ந்தார். கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"அந்தக் கஞ்சியக் கொடு" என்றார்.

கொடுத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் டம்ளரைத் தாழ்த்தி, சுமை இறக்குகிற மாதிரி மூச்சு விட்டுக் குடித்தார். அடியில் இருந்த பருக்கைகூட விடவில்லை. காலி டம்ளரை என்னிடம் கவிழ்த்துக் காட்டினார், போதுமா என்று கேட்பது போல.

"இப்ப போயி காபி குடிச்சிட்டு வா" என்றார். "அப்படியே டாக்டர்கிட்ட கேட்டுட்டு வா. மத்தியானம் எனக்கு என்ன சாப்பாடு, எத்தன மணிக்குன்னு."